பந்து கொடுத்தவர் பெயர்

கால்பந்துக்காரர்கள் எழுதிய தன்வரலாறுகளைப் படிக்கலாமா, இல்லை அது நேரத்துக்குக் கேடா என்று என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல நிறைய வைத்திருக்கிறேன். அதுதான் என் கஷ்டம். எங்கள் வீட்டில் அந்தப் புத்தகங்களைத் திறந்த ஒரே ஆள் நான். அம்மா அட்டையை மட்டும் பார்ப்பார். தொடை தெரிய டவுசர் போட்ட ஆம்பளைகளை எல்லாம் சாமிப் படங்களுக்கு நேர் எதிரே அடுக்காதே என்று ஒருமுறை சொன்னார். அட்டைகளைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். இருவருக்கும் திருப்தி.

எல்லாம் கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கியவை. நீலகிரியில் எஸ்டேட் பங்களா எதையாவது காலி செய்தால், எந்தக் காலத்திலோ ஒரு துரை விட்டுப்போன புத்தகங்கள் மூட்டையாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும். அங்கிருந்து முட்டைக்கோஸ் லாரியில் இடம்பிடித்து உக்கடம் வரும். மலைக்குளிரில் ஊறிய பக்கங்கள் எங்கள் ஊர் வெயிலில் அப்பளம்போல நெளிந்துகொள்ளும். நான் எதைத் தேடுகிறேன் என்று தெரிந்துகொண்ட பிறகு, என் தலையைக் கண்டதுமே கடைக்காரர் "பந்து புஸ்தகம் வந்திருக்குதுங்க பாப்பா" என்று குரல் கொடுப்பார். ஒருநாள் அப்படி ஆசையாக எடுத்துவைத்திருந்தது ஒரு பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரருடையது. அவரைக் குறை சொல்ல முடியாது. அட்டையில் பந்து இருந்தது.

எல்லாக் கால்பந்துப் புத்தகமும் ஒரே புத்தகம்தான் என்று சீக்கிரமே கண்டுகொண்டேன். அப்பாவுக்குச் சுரங்கத்திலோ கப்பல் பட்டறையிலோ வேலை. துணி துவைக்கும் நாளில் வீடு முழுக்க ஈர வாசம். துணிப்பந்து, தெருவிளக்குக் கம்பம், பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி. இதுவரைக்கும் அருமையாக இருக்கும். கணபதிப் பக்கம் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் கரி படிந்த சட்டையோடு பொழுதிறங்க வீட்டுக்கு வரும் என் அப்பாவை அந்தப் பக்கங்களில் பல தடவை பார்த்திருக்கிறேன். ஆள் பெரிய கிளப்பில் சேர்ந்ததும் புத்தகம் படுத்துவிடும். ஓட்டல், விமானம், மேனேஜரோடு சண்டை, முழங்கால் ஆபரேஷன், மறுபடி மேனேஜரோடு சண்டை. அட்டையில் அவர் பெயருக்குக் கீழே எறும்பளவு எழுத்தில் இன்னொரு பெயர் இருக்கும். அந்த எறும்புதான் உண்மையில் எழுதியது.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டது ஒரே ஒரு பக்கத்துக்காக. கோல் விழுகிற பக்கம். கால் பந்தைத் தொடுகிற அந்தக் கணத்தில் உள்ளே என்ன நடக்கிறது, காது கேட்குமா, கண் எதைப் பார்க்கும், மூச்சு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியவேண்டும். வேறொன்றும் வேண்டாம். அந்தப் பக்கத்துக்கு வந்ததும், வீட்டுக் கணப்பின் கரி வாசம்வரை விவரித்த அதே மனிதர் ஊமையாகிவிடுவார். பந்து வந்தது, அடித்தேன், உள்ளே கிடந்தது. முடிந்தது. அடுத்த பாராவில் எல்லோரும் அவர் முதுகில் ஏறிக் குதித்துக்கொண்டிருப்பார்கள். எத்தனை புத்தகம் புரட்டினாலும் இதே கதை. விருந்துக்குக் கூப்பிட்டு, இலை போட்டு, தண்ணீர் தெளித்து, பந்தியை எழுப்பிவிடுவது மாதிரி.

எங்கள் பக்கத்து வீடு பெரியப்பா வீடு. அவர் மகன், என் அண்ணா, பாலிடெக்னிக் டீமில் ஃபார்வர்ட். தினமும் பொழுதோடு மில் மைதானத்தில் ஆடுவார். புத்தகம் சொல்லாததை நேரடியாக அவரிடமே கேட்டுவிடலாம் என்று, அவர் கோல் போட்ட ஒருநாள் வாசலிலேயே மறித்துக் கேட்டேன். எப்படி இருந்தது?

"அடிச்சுப்போட்டேன்" என்றார்.

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி அடிக்கல."

எங்கள் பக்கத்தில் எதைச் செய்தாலும் செய்துபோட்டேன் என்போம். தின்னுபோட்டேன், தூங்கிப்போட்டேன், அழுதுபோட்டேன். செய்த காரியத்தைச் சாக்கில் போட்டு வாயைத் தைத்து ஓரமாகச் சாய்த்துவிட்ட மாதிரி ஒரு பேச்சு. பிரித்து உள்ளே பார்க்க முடியாது. அண்ணாவுக்குப் புத்தகங்கள் மேல் மரியாதையே கிடையாது. காலில் வேலை தெரிந்தவனுக்குக் கை எழுதாது, கை எழுதுகிறவனுக்குக் கால் ஆடாது, இரண்டும் இல்லாதவள்தான் காசு கொடுத்து வாங்கிப் படிப்பாள் என்பார். நான் விடமாட்டேன். மூன்றாவதாக ஒருத்தி படிப்பதால்தானே உங்களையெல்லாம் உலகத்துக்குத் தெரிகிறது என்று பதில் சொல்வேன். அவர் பந்தைச் சுவரில் உதைத்துக்கொண்டிருப்பார். அது எப்போதும் திரும்பி அவர் காலுக்கே வரும். அதைப் பார்க்கையில் என் கால் தானாக ஓரடி முன்னால் போகும்.

மில் மைதானம் பஸ் ஸ்டாப்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் இருந்தது. காம்பவுண்டுச் சுவர் ஓரிடத்தில் இடிந்திருக்கும். பெண்பிள்ளைகள் அங்கே நிற்பதில்லை. நானும் நின்றதில்லை. செருப்பு வாரைச் சரிசெய்வேன். புத்தகத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுவேன். நான் படித்த ஒருவர், ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பிள்ளைகள் விளையாடும் பூங்கா வேலியோரம் தினமும் நடந்ததாக எழுதியிருந்தார். பந்து என்றாவது வெளியே வந்தால் ஒருமுறை உதைத்துத் திருப்பி அனுப்பலாம் என்றுதான். ஆடி முடித்தவருக்கே அந்த ஆசை என்றால், ஒருநாளும் ஆடாதவளை என்ன சொல்வது?

ஒரு சாயங்காலம் பந்து வந்தது. இடிந்த சுவர் வழியாகத் துள்ளி, ரோட்டைக் கடந்து, என் செருப்பைத் தொட்டு நின்றது. மைதானமே என்னைப் பார்த்தது. எனக்கு எல்லாம் தெரியும். உதைக்காத காலைப் பந்துக்குப் பக்கத்தில் ஊன்றவேண்டும். கண் பந்தின் மேல் இருக்கவேண்டும். உடம்பு பின்னால் சாயக்கூடாது. நான் குனிந்து, இரண்டு கையாலும் பந்தை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணைத் தட்டி, ஓடிவந்த ஆளிடம் "இந்தாங்க" என்று நீட்டினேன்.

அண்ணா அன்று சாப்பிடும்போதும் சிரித்துக்கொண்டிருந்தார். "வெத்தல பாக்கு வெக்காம உட்டுட்டியே, அம்மணி."

நான் படித்தது மகளிர் கல்லூரி. அங்கே த்ரோபால் உண்டு, ரிங் உண்டு, ஹாக்கி உண்டு. கால்பந்து கிடையாது. இரண்டாம் வருடம் பி.டி. மேடம் ஒருநாள் நோட்டீஸ் போர்டு பக்கம் நின்று, ஈரோட்டில் மகளிர் கல்லூரிகளுக்குக் கால்பந்துப் போட்டி நடத்துகிறார்கள், டீம் அனுப்பச் சொல்கிறார்கள், எங்கே போய் ஆள் பிடிப்பது என்று யாரிடமோ நொந்துகொண்டிருந்தார். அவர் வாக்கியம் முடியும்முன் நான் அவர் எதிரே நின்றேன். ஆடியிருக்கிறாயா என்றார். படித்திருக்கிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் ஆள் பஞ்சம். சேர்த்துக்கொண்டார்.

ஹாக்கி ஆடியவர்கள் சிலர், ஓடத் தெரிந்தவர்கள் சிலர், ஹாஸ்டல் சாப்பாட்டுக்கு ஒருநாள் லீவு கிடைக்குமே என்று வந்தவர்கள் சிலர். அதில் உருப்படியான ஆள் ஒருவர்தான். தாராபுரம் பக்கத்துக்காரர். பி.காம் கடைசி வருடம். நல்ல உயரம். பின்னலைச் சட்டை முதுகுக்குள் செருகிக்கொள்வார். ஹாக்கி ஆடிப் பழகியதால் குனிந்த தலை நிமிராமல் பந்தைக் கொண்டுபோவார். எதிரே வருபவளை இடித்துத் தள்ளிவிட்டு, "ஐயோ, பாத்துங்க" என்பார். எனக்கு அவர் அக்கா. எல்லோருக்குமே அக்கா. வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்குமுன் ஒரு ஆட்டம் ஆடிப்பார்த்துவிடவேண்டும் என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை.

பயிற்சியின் முதல் நாளே எங்கள் வியாதி என்ன என்று தெரிந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் கோயமுத்தூர்ச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள். ஒரு வருடம் மூத்தவளானாலும் ‘ங்க’ போடாமல் நாக்கு எழாது. பந்து வேண்டுமென்றால், "ஏனுங்க்கா, இங்க குடுங்க்கா" என்று கேட்போம். அக்கா நிமிர்ந்து, யார் கூப்பிட்டது என்று பார்த்து, "இருங்க, தாரேன்" என்று சொல்வதற்குள் பந்து வேறொருத்தி காலில் இருக்கும். என் புத்தகங்களில் மைதானத்தில் கத்துவது பற்றி அத்தியாயமே உண்டு. ஒரே ஒரு சொல். அதற்குமேல் கத்தினால் பந்து போய்விடும். இதை நான் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னேன். மைதானத்துக்குள் மட்டும் ‘ங்க’ வேண்டாம், குடு, விடு, ஓடு, அவ்வளவுதான் என்றேன்.

அக்கா யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நாக்குக்கு மைதானம் எது, ஊடு எதுன்னு தெரியுங்களா? பழகிப்போச்சுன்னா, போன எடத்துல மாமனாரப் பாத்து ‘குடுடா’ன்னு கேட்டுப்போட்டா?"

எல்லோரும் மைதானத்திலேயே உட்கார்ந்து சிரித்தோம். ‘ங்க’ அப்படியே இருந்தது.

வீட்டில் அப்பாவுக்கு ஆட்டத்தின் மேல் ஒரு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் ஈரோடு மேல்தான். அங்கே எங்கள் சொந்தம் தெருவுக்கு இரண்டு வீடு. டவுசரோடு ஓடுகிற பிள்ளையை மஞ்சள் மண்டிக்குப் போகிற எவராவது பார்த்து, ஊருக்கே சொல்லிவைத்தால்? இரண்டு நாள் நான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தே பேசினேன். மூன்றாம் நாள் பி.டி. மேடம் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா காபி கொடுத்தார். மேடம் பால் விலையிலிருந்து பவுண்டரி கரண்ட் பில் வரைக்கும் எல்லாம் விசாரித்தார். டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் ஈரோட்டுப் பேச்சை எடுத்தார். கணுக்கால் வரைக்கும் டிராக் பேண்ட்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

அப்பா மேடத்தை வாசல்வரை போய் வழியனுப்பினார். பிறகு என்னைப் பார்த்து, "அடி கிடி பட்டுக்காத, கண்ணு" என்றார். அவ்வளவுதான் அனுமதி.

பாசஞ்சர் ரயிலில் போனோம். ஈரோட்டில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் காலனி மைதானம். புல் என்று ஒன்றும் இல்லை. கட்டாந்தரை. எங்களுக்கு எதிரே கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கல்லூரி. கடற்கரை மணலில் ஆடி வளர்ந்த பிள்ளைகள். எங்களை விடக் குள்ளம், எங்களை விடக் கறுப்பு, எங்களைவிடப் பத்து மடங்கு வேகம். எல்லாவற்றுக்கும் மேலே அவர்கள் கூப்பிடும் விதம். "ஏட்டி, தா." இரண்டே சொல். அதற்குள் பந்து கைமாறியிருக்கும், கால்மாறியிருக்கும். நான் வலது ஓரத்தில் நின்று, வாயைப் பிளந்து, பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன்.

முதல் கோலை அவர்கள் போட்டார்கள் என்று சொல்வது நியாயம் இல்லை. நாங்கள் கொடுத்தோம். எங்கள் பாதிக்குள் உயரமாக ஒரு பந்து வந்து விழுந்து மெதுவாக உருண்டது. அருகில் எதிராளி யாரும் இல்லை. ஒரு பக்கம் எங்கள் கோல் கீப்பர், முதல் வருடப் பெண். இன்னொரு பக்கம் பின்வரிசையில் பேக் ஆடிய வேறொரு மூன்றாம் வருட அக்கா. இருவரும் பந்துக்கு முன்னால் வந்து நின்றார்கள். "நீங்க எடுங்க்கா" என்றாள் கீப்பர். "இல்ல கண்ணு, நீயே எடு" என்றார் அவர். "பரவால்லீங்க்கா, நீங்களே" என்று இவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். கல்யாண வீட்டில் கடைசி நாற்காலிக்கு எப்படி நடக்குமோ அப்படி. நடுவில் புகுந்த ஒரு குட்டிப்பெண் பந்தை ஒரு தட்டுத் தட்டினாள். கோலுக்குள் அது போய்ச் சேர்வதை இருவரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

கோடு ஓரத்தில் பி.டி. மேடம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இடைவேளையில் எங்களை நிற்க வைத்து, "ஏனுங்க, உங்களக் கையெடுத்துக் கும்பிடறேனுங்க, உள்ள போயி இந்த ‘ங்க’வ மட்டும் போடாதீங்க" என்றார். யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை.

இனிமேல் வருவதைத்தான் நான் சரியாக எழுதவேண்டும். இதற்காகத்தான் அத்தனை புத்தகம் படித்தேன்.

இரண்டாம் பாதி. வெயில் மேற்கே சாய்ந்து என் முகத்தில் அடித்தது. பந்து அக்காவிடம் நடு மைதானத்தில் இருந்தது. வழக்கம்போலத் தலை குனிந்திருந்தது. பின்னல் சட்டைக்குள்ளிருந்து வெளியே வந்து தோளில் கிடந்தது. அவருக்கு இரண்டு பக்கமும் அந்தப் பிள்ளைகள் நெருங்கினார்கள். எனக்கு முன்னால் கோல் வரைக்கும் யாருமே இல்லை. நான் "ஏனுங்" என்று ஆரம்பித்தேன். அது பாதியில் உடைந்து, உள்ளேயிருந்து வேறெதுவோ வந்தது.

"குடுடி!"

அக்கா நிமிர்ந்தார். அந்த ஆட்டம் முழுக்க அவர் நிமிர்ந்தது அந்த ஒருமுறைதான். கோபம் இல்லை, ஆச்சரியமும் இல்லை. யாரோ வெகுநாளாகக் கூப்பிடாத பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல ஒரு முகம். வலது பாதத்தின் வெளிப்பக்கத்தால் பந்தை ஒரு சீவு சீவினார். அது இருவருக்கும் நடுவே புழுதியைக் கீறிக்கொண்டு வந்தது. நேராக என்னிடம் வரவில்லை. நான் நின்ற இடத்துக்கு அது வந்திருந்தால் நான் நின்றபடியே வாங்கியிருப்பேன். நான் இன்னும் போய்ச்சேராத இடத்துக்கு அனுப்பியிருந்தார். அங்கே ஒரு சின்னக் கல்லில் பட்டு, முகத்துக்கு நேரே எழும்பி, சூரியனை மறைத்தது. தையல் தெரிந்தது. ஒரு தையல் விட்டுப்போயிருந்தது.

அதன் பிறகு நான் எங்கள் பாதியை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறேன். வாய்க்குள் மண். யாரோ என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். கோலுக்குள் பந்து கிடக்கிறது.

நடுவில் இருந்தது எங்கே? எனக்குத் தெரியவில்லை. எந்தக் காலால் அடித்தேன் என்றுகூடத் தெரியாது. வலது கேன்வாஸ் ஷூவின் நுனி பிளந்திருந்தது. இடது முழங்காலில்தான் ரத்தம். மீதி ஆட்டத்தில் அவர்கள் இன்னும் இரண்டு போட்டார்கள், நாங்கள் தோற்றோம், அதுவா முக்கியம்? திரும்பும் ரயிலில் ஒவ்வொருத்தியாகப் பிடித்துக் கேட்டேன். ஒருத்தி தலையால் அடித்தாய் என்றாள். ஒருத்தி இல்லை, அது வயிற்றில் பட்டுப் போனது என்றாள். கீப்பர் வெகுதூரத்தில் இருந்தாள். பி.டி. மேடம் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்க் குடத்துக்கு மூடி தேடிக்கொண்டிருந்தாராம். என் பக்கம் நேராகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கக் கூடியவர் அக்கா ஒருவர்தான். பந்து அவரிடமிருந்துதானே வந்தது. அவர் எங்களோடு ரயில் ஏறவில்லை. கல்யாணப் புடவை எடுக்க, ஈரோட்டிலேயே மாமா வீட்டுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணா வாசலில் மறித்தார். "எப்படி இருந்துச்சு?"

வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்தும் அதுவே வந்தது. "அடிச்சுப்போட்டேன்."

அவர் சிரித்த சிரிப்பில் பெரியப்பா வீட்டு நாய் எழுந்து போய்விட்டது.

அடுத்த வருடம் அந்தப் போட்டியை யாரும் நடத்தவில்லை. பி.டி. மேடம் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். அக்காவின் கல்யாணத்துக்குப் போனேன். பட்டும் மாலையுமாக மேடையில் நிற்கிறவரிடம், ஏனுங்க்கா, நான் எந்தக் காலில் அடித்தேன் என்று கேட்க முடியுமா? எவர்சில்வர் டப்பாவைக் கொடுத்துவிட்டு, போட்டோவுக்கு நின்றுவிட்டு, சாப்பிட்டு வந்தேன். பிறகு படிப்பு முடிந்தது, காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை கிடைத்தது. மில் மைதானத்துச் சுவரை ஒழுங்காகக் கட்டிவிட்டார்கள். இனி பந்து வெளியே வராது. அதனால் செருப்பு வாரைச் சரிசெய்ய வேண்டிய வேலையும் இல்லை. புத்தகம் மட்டும் விடவில்லை. முன்பு கோலுக்காகப் படித்தவள், பிறகு அதற்கு முந்தின பக்கத்தை இரண்டு தரம் படிக்க ஆரம்பித்தேன்.

போன தை மாதம் பெருந்துறையில் ஒரு உறவுக்காரர் கல்யாணம். நல்ல முகூர்த்த நாள். காந்திபுரத்தில் விடிந்தும் விடியாமல் அத்தனை பட்டுப் புடவையும் ஈரோடு பஸ்ஸைச் சுற்றி நின்றது. முட்டி மோதி ஏறி, ஜன்னலோரமாக ஒரு இடம் பிடித்து உட்கார்ந்தேன். வெளியே நிற்பவர்கள் துண்டையும் பையையும் ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் ஜன்னலுக்குக் கீழேயிருந்து ஒரு குரல்.

"ஏய், புடிடி!"

ஒரு கட்டைப்பை பறந்து வந்தது. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துவிட்டேன். பக்கத்து சீட்டில் போட்டு, மேலே கையையும் வைத்த பிறகுதான் உறைத்தது. இந்த ஊரில் முன்பின் தெரியாதவளை யாரும் ‘டி’ போட்டுக் கூப்பிட மாட்டார்கள்.

அக்கா ஏறினார். இடுப்பில் குழந்தை. முன்னால் மாமியார். அவருக்கு முன்வரிசையில் யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கி, "நல்லா இருக்கீங்களா?" என்றார். ‘டி’ ஜன்னலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

மாமியார் திரும்பினார். "ஆரு அம்மணி அது?"

"காலேஜுல எனக்கு ஜூனியருங்க அத்த. ஒண்ணா த்ரோபால் ஆடுனோம்."

மாமியார் தலையசைத்துத் திரும்பிக்கொண்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் குழந்தையின் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அவினாசியில் வாழ்க்கைப்பட்டிருந்தார். அவினாசி வரைக்கும்தான் நேரம். கருமத்தம்பட்டி தாண்டும்வரை ஊர்ச் சமாச்சாரம் பேசினோம். அதற்குமேல் என்னால் முடியவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"ஏனுங்க்கா, அன்னிக்கு ஈரோட்டுல, நான் எந்தக் கால்லீங்க அடிச்சேன்?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு முன்வரிசையைப் பார்த்தார். "நா எங்கீங்க பாத்தேன்? பந்தக் குடுத்தவொடனே அந்தக் குட்டச்சி வந்து இடிச்சுப்போட்டா. மூஞ்சி மண்ணுல. சத்தந்தான் கேட்டுது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இனி கேட்பதற்கு யாரும் இல்லை. நெடுஞ்சாலையோரப் புளியமரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கொஞ்ச நேரம் கழித்து அக்கா என் கையைத் தொட்டார்.

"நானும் கேக்கோணும்னே இருந்தேன். நா குடுத்தது நல்லா வந்துதுங்களா?"

அதை யார் கேட்பார்கள் என்று காத்திருந்தவள்போலச் சொல்லத் தொடங்கினேன். பின்னல் தோளில் கிடந்தது, நிமிர்ந்தது, பாதத்தின் வெளிப்பக்கம், இரண்டு பேருக்கு நடுவே புழுதிக் கோடு, நான் போய்ச்சேராத இடம், கல், எழும்பியது, விட்டுப்போன தையல். ஒன்றையும் விடவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும், "இன்னொருக்கா சொல்லுங்க" என்றார். இன்னொருமுறை சொன்னேன். குழந்தை நடுவில் கிடந்து என் தொடையை உதைத்துக்கொண்டிருந்தது.

என் பையிலிருந்து எட்டிப்பார்த்த புத்தகத்தை அவர் கவனித்தார். இன்னும் இதைத்தான் படிக்கிறீர்களா என்றார். பிறகு, "இதுலயெல்லாம் பந்து குடுத்தவன் பேரப் போடுவாங்களா?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். போடுகிறார்கள். மேனேஜரைத் திட்டுகிறவர், கோலைப் பற்றி ஒரு வரிக்குமேல் எழுதத் தெரியாதவர், எறும்பை வைத்து எழுதியவர், யாராக இருந்தாலும் அந்தப் பந்து யார் காலிலிருந்து வந்தது என்று மறக்காமல் பெயர் போடுகிறார்கள். ஒரு புத்தகத்திலும் அது விட்டுப்போனதாக ஞாபகம் இல்லை. சொன்னேன்.

"அப்ப படிக்கலாமுங்க" என்றார்.

அவினாசிக் கோபுரம் தெரிந்தது. மாமியார் எழுந்து சேலையைச் சரிசெய்தார். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டார். பையை எடுக்கக் குனிந்தவர் என் காதுக்கருகில், "நீங்க பின்னால எழுதினாலும் எழுதுவீங்க. என்ற பேரு மட்டும் போட்றாதீங்க. ஊட்டுல த்ரோபால்னு சொல்லி வெச்சிருக்கறேன்" என்றார். நான் சரியென்றேன். நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற குரலில், "வாரேனுங்க" என்றார்.

இறங்கி, மாமியாருக்கு ஒரு அடி பின்னால் நடந்து போனார். தலை குனிந்தே இருந்தது. பின்னல் நீளமாக, வெளியே, முதுகில் கிடந்தது.

பஸ் கிளம்பியது. கட்டைப்பை பறந்து வந்த ஜன்னலில் இருந்து நான் கையை எடுக்கவில்லை. தை மாதக் காற்று ஊசியாக இறங்கியது. பின்சீட்டுப் பெரியவர், "அந்த ஷட்டரச் சித்தெ எறக்கு, அம்மணி" என்றார்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டுங்க" என்றேன். பெருமாநல்லூர் வந்தும் இறக்கவில்லை.